பெயருக்குப் பின்னே நிற்கும் எழுத்துகள்

இம்மலரில் வெளியிடும் பொருட்டு, நமது கல்விக் கழகத்தின் துணையால் பட்டம் பெற்றோரின் பெயர்ப் பட்டியல் மெய்ப்புத் திருத்துவதற்காக நம் கைக்கு வந்தது. ஆசிரியர், செவிலியர், பொறியாளர் என்று ஒவ்வொரு பெயராகக் கடந்து, சட்டம் பயின்ற இளைஞர்களின் பெயர்களை அடைந்தபோது நமது சிவப்பு மைப் பேனா நின்றுவிட்டது. ஒருவர் தம் பெயருக்குப் பின்னே பி.எல். என்று எழுதியிருந்தார். மற்றொருவர் எல்.எல்.பி. என்றும், இன்னொருவர் எல்எல்.பி. என்றும் எழுதியிருந்தனர். வேறொருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கருதினார் போலும், இரண்டு பட்டங்களையும் சேர்த்தே எழுதிவிட்டார்.

அவர்களுள் ஒருவரை அழைத்து, "தம்பி, எல் என்னும் எழுத்து ஏன் இரண்டு முறை வருகிறது?" என்று கேட்டோம். "ஐயா, எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது" என்று அவர் நேர்மையாக விடை கூறினார். அவ்விடையைக் கேட்டு நாம் நகைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பி.ஏ., பி.எட். என்று எழுதிவரும் நாமும் அவ்வெழுத்துகளின் பிறப்பைப் பற்றி நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. அரும்பாடுபட்டுப் பெற்ற எழுத்துகளின் பொருளையும் வரலாற்றையும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இரண்டு எழுத்துகளால் இழந்த நிலம்

எழுத்தைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கூறுவோம்.

இராசிபுரம் வட்டாரத்தில் நம் பாட்டனாருக்கு ஏறத்தாழ இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. சோளமும் நிலக்கடலையும் விளையும் வானம் பார்த்த பூமி அது. தம் மூத்த மகளின் திருமணத்துக்காக அவர் ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவரிடம் கடன் வாங்கினார். நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தார். கடன் பத்திரம் என்று அவர் நம்பிய அத்தாள் கிரயப் பத்திரமாக இருந்தது. அடுத்த ஆண்டு அவர் ஏர் பூட்டிச் சென்றபோது, அவருடைய நிலத்தில் வேறொருவரின் ஏர் ஓடிக்கொண்டிருந்தது.

நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒரு வேலையின் பொருட்டு அவ்வூர் நிலக் கணக்கின் பழைய ஏட்டைப் பார்க்க நேர்ந்தது. அந்தப் புல எண்ணுக்கு எதிரே 'டி.சி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கென நிலம் ஒதுக்கத் தொடங்கியது. அவற்றையே இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். பிற வகுப்பினருக்கு அவற்றை விற்றல் ஆகாது என்ற நிபந்தனையோடு அவை வழங்கப்பட்டன. ஆகவே, நம் பாட்டனார் கைநாட்டு வைத்த அந்தக் கிரயம் சட்டப்படி நில்லாதது. அவ்விரண்டு எழுத்துகளையும் படித்துச் சொல்ல அன்று நம் ஊரில் ஒருவர் இருந்திருப்பின், அந்நிலம் நம்மிடமே இருந்திருக்கும். நாம் அதைக் கண்டறிந்த காலத்தில் நிலம் மூன்று கை மாறியிருந்தது. பாட்டனாரும் இல்லை, தந்தையாரும் இல்லை.

டி.சி. என்ற இரண்டு எழுத்துகளைப் படிக்கத் தெரியாமையால் நிலம் போயிற்று. அவற்றைப் படித்துக் காட்டும் ஆற்றலைத் தருவனவே இன்று நம் இளைஞர் பெயருக்குப் பின்னே நிற்கும் எழுத்துகள். ஆதலால் அவற்றின் கதையைத் தொடங்குவோம்.

எல் ஏன் இரண்டு?

எல்எல்.பி. என்பது ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கமன்று. இலத்தீன் மொழியில் 'லேகும் பக்கலாரெயுஸ்' என்பதன் சுருக்கமாகும். இலத்தீனில் 'லெக்ஸ்' என்றால் சட்டம். 'லேகெஸ்' என்றால் சட்டங்கள். 'லேகும்' என்றால் சட்டங்களின், அதாவது நம் இலக்கணம் கூறும் ஆறாம் வேற்றுமைப் பொருளில் சட்டங்களது என்பதாம். நம் மொழியைப் போலவே அங்கும் உடைமைச் சொல் முன்னே வந்து நிற்பதைக் காண்க. 'பேச்சலர் ஆஃப் லாஸ்' என்று ஆங்கிலம் பின்னிருந்து முன்னாகக் கூறுவதை, இலத்தீன் 'சட்டங்களது இளநிலையர்' என்று தமிழ் முறையிலேயே கூறுகிறது.

ஒரு சொல்லின் முதலெழுத்தை மட்டும் எழுதிச் சுருக்கும்போது பன்மையைக் காட்டுவது எங்ஙனம்? அவ்வெழுத்தை இரட்டித்து எழுதுவது இலத்தீன் மரபு. ஊர் என்பதை 'ஊரூராக' என்றும், வீடு என்பதை 'வீடுவீடாக' என்றும் அடுக்கிப் பலவற்றை நாம் உணர்த்துவது போன்றதே இது. ஆங்கில நூல்களின் அடிக்குறிப்பில் ஒரு பக்கத்தைக் குறிக்க ஒரு 'பி'யும், பல பக்கங்களைக் குறிக்க இரண்டு 'பி'யும் இடுவதும் இம்மரபினதே. ஆகவே இரண்டு எல்லும் இரண்டு சொற்களைக் குறிப்பன அல்ல. சட்டங்கள் என்ற ஒரே சொல்லின் பன்மையைக் குறிப்பன. எனவே இரண்டு எல்லுக்கும் இடையே புள்ளி இடாமல் எல்எல்.பி. என்று எழுதுவதே முறை. தமிழ் அச்சில் எல்.எல்.பி. என்பதே பெருவழக்காகிவிட்டது. அதனைக் குற்றமென்று நாம் கூறவில்லை. காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

மேற்பட்டங்களுக்கும் இதே முறை பொருந்தும். எல்எல்.எம். என்பதில் உள்ள 'மாகிஸ்தெர்' என்னும் சொல்லுக்கு ஆசான் என்பது பொருள். எல்எல்.டி. என்பதில் உள்ள 'தோக்தொர்' என்பது கற்பித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. டாக்டர் என்றதும் ஊசியும் மருந்தும் நினைவுக்கு வருகின்றன. எனினும் அதன் மூலப்பொருள் கற்பிப்பவர் என்பதே. பட்டம் என்பதற்குரிய 'டிகிரி' என்னும் ஆங்கிலச் சொல்லும் படி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாகும். தமிழிலோ 'படி' என்பது ஏறும் படியையும் குறிக்கும், கற்கும் செயலையும் குறிக்கும்.

குடியானவன் பெயர் பட்டமானது

'பேச்சலர்' என்னும் சொல்லின் வரலாறு நம் மக்கள் சிறப்பாக அறியத்தக்கது. அதன் வேர் பற்றி மொழியறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இடைக்கால இலத்தீனில் 'பக்கலாரியுஸ்' என்ற சொல், பெருநிலக்கிழாருக்குக் கீழே நிலத்தை உழுது வாழ்ந்த எளிய குடியானவனைக் குறித்து வழங்கியது. பின்னர் அது தலைவன் ஒருவனின் கீழ்ப் பயிலும் இளம் வீரனையும், தொழிற்சங்கத்தின் இளநிலை உறுப்பினனையும் குறித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பல்கலைக்கழகங்களில் முதற்படி ஏறிய மாணவனுக்கு அப்பெயரைச் சூட்டினர். அதன் பின்னரே, வெற்றிமாலையாகச் சூடும் லாரல் மரத்தின் கனியைக் குறிக்கும் 'பக்கா லௌரி' என்ற சொற்களோடு அதை இணைத்து, 'பக்கலாரெயுஸ்' என்று அழகுபடுத்தினர்.

பிறர் நிலத்தில் உழைத்தவனின் பெயர் காலப்போக்கில் கற்றவனின் பெருமைப் பெயராயிற்று. பண்ணையாளாக உழைத்தவரின் பெயரனும் பெயர்த்தியும் அப்பெயரைச் சூடுவதில் வியப்பொன்றும் இல்லை.

சட்டம் பலவானது எவ்வாறு?

சட்டம் என்று ஒருமையில் கூறாமல் சட்டங்கள் என்று பன்மையில் கூறியதற்கும் காரணம் உண்டு. கிழக்கு உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 529 முதல் 534 வரையுள்ள ஆண்டுகளில் உரோமச் சட்டங்களைத் தொகுப்பித்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் அத்தொகுப்பைப் பாடமாகப் பயிலத் தொடங்கினர். ஐரோப்பியச் சட்டக் கல்வியின் தாயகம் அதுவே. அங்கே உரோமக் குடிமைச் சட்டம், கிறித்தவத் திருச்சபைச் சட்டம் என இருவகைச் சட்டங்கள் கற்பிக்கப்பட்டன. இரண்டிலும் வல்லவர் 'இரு சட்டங்களின் டாக்டர்' எனப்பட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எல்எல்.பி. என்ற பன்மை வழக்கு இம்மரபின் எச்சம் என்பர். எட்டாம் ஹென்றி மன்னர் 1535இல் திருச்சபைச் சட்டப் படிப்பைத் தடை செய்த பின்னரும், பன்மை மட்டும் பெயரில் தங்கிவிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமோ பி.சி.எல்., அதாவது குடிமைச் சட்ட இளநிலையர் என்ற பெயரைப் போற்றி வந்துள்ளது.

இங்கே ஓர் உண்மையை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். இரு சட்டங்களின் கீழ் வாழ்வது நமக்குப் புதியதன்று. ஏட்டில் எழுதப்பட்ட சட்டம் ஒன்று, ஊர்க் கட்டுப்பாடு என்னும் எழுதாச் சட்டம் மற்றொன்று. கிணற்றில் நீர் இறைக்கவும், கோயில் தெருவில் நடக்கவும், தேநீர்க் கடையில் சமமாக அமரவும் எழுதாச் சட்டம் தடை விதித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டமும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அப்பிரிவுக்கு வலுவூட்டின. எழுதிய சட்டத்தைக் கொண்டு எழுதாச் சட்டத்தை வெல்வதே நம் வழக்கறிஞர்களின் தலையாய பணி.

சென்னையில் பி.எல்.

நம் நாட்டில் 1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. பம்பாய் இலத்தீன் முறைப்படி எல்எல்.பி. என்ற பெயரை மேற்கொண்டது. சென்னையும் கல்கத்தாவும் ஆங்கில முறைப்படி பி.எல். என்று வழங்கின. ஆகவே பி.எல்., எல்எல்.பி. என்பன உயர்ந்ததும் தாழ்ந்ததுமான இரு படிப்புகள் அல்ல. ஒரே படிக்கு இருவேறு மொழிகளில் இட்ட பெயர்களே. பட்டச் சான்றிதழில் எது அச்சிடப்பட்டுள்ளதோ, அதனை மட்டும் எழுதுக. இரண்டையும் சேர்த்து எழுதுவது ஒரே மகனுக்கு இருமுறை பெயரிடுவது போன்றதாகும்.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் நிறுவப்பட்டது. அக்காலத்தில் பி.ஏ. முடித்த பின்னரே பி.எல். பயில இயலும். 'பி.ஏ., பி.எல்.' என்று பழைய பெயர்ப்பலகைகளில் இணைந்தே நிற்பது இதனாலேயே. இரண்டு கதவுகளைக் கடக்கப் பொருளும் காலமும் உடையோர்க்கே அது கைகூடிற்று.

நமது சேலம் மாவட்டமே இதற்குச் சான்று. சேலத்தில் புகழ்பெற்று விளங்கிய சி. விஜயராகவாச்சாரியார், சட்டக் கல்லூரியில் பயிலாமல் தாமே கற்றுத் தேர்வெழுதி வழக்குரைஞரானவர். இராஜாஜி 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த ப. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். ஆலய நுழைவுக்காகச் சென்னைச் சட்டமன்றத்தில் 1932இல் முயன்றவரும் அவரே. அவர் பெயருக்கு முன்னே வந்த 'டாக்டர்' மருத்துவத்தைக் குறித்ததன்று, சட்டப் படிப்பால் வந்தது. இவர்களுடைய ஆற்றலை நாம் மதிக்கிறோம். எனினும் இவர்கள் அனைவரும் நிலமோ கல்வியோ முன்பே அமைந்திருந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் இடம் பெறாத நம் முன்னோர்க்கு அந்த எழுத்துகள் எட்டாக் கனியாக இருந்தன.

கதவைத் திறந்தவர்கள்

அந்நிலையை மாற்றிய முன்னோடிகளை நினைவு கூர்வோம்.

தமிழகத்தில் தலைவர் என். சிவராஜ் (1892-1964) அவர்களின் பெயர் முதலில் நினைக்கத்தக்கது. பி.ஏ., பி.எல். பட்டம் பெற்ற அவர் சென்னைச் சட்டக் கல்லூரியிலேயே பேராசிரியராகப் பணியாற்றினார். நம் சமுதாயத்தவர் நுழையவே அரிதாயிருந்த வகுப்பறையில், மேடையில் நின்று அனைத்துச் சாதி மாணவர்க்கும் சட்டம் கற்பித்தார். 1942இல் தோன்றிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராகவும், 1945இல் சென்னை மாநகர மேயராகவும் விளங்கினார்.

அண்ணல் அம்பேத்கரின் பட்டங்களில் ஒரு வியப்பைக் காணலாம். அவர் எல்எல்.பி. பயின்றவர் அல்லர். இலண்டன் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பயின்று, 1922இல் பாரிஸ்டர் ஆனார். பாரிஸ்டர் என்பது பல்கலைக்கழகப் பட்டமன்று. நீதிமன்றத்தில் வழக்குரைப்போரைப் பிரித்து நிறுத்தும் தடுப்புக் கட்டையாகிய 'பார்' என்பதிலிருந்து பிறந்த தொழிற்பெயர். அவர் பெற்ற ஆய்வுப் பட்டங்களோ பொருளியல் சார்ந்தவை. 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். 1952ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் அவருக்கு எல்எல்.டி. பட்டம் அளித்துப் பெருமைப்படுத்தியது. சட்டங்களின் இளநிலையர் என்ற படியில் கால் வைக்காதவரை, சட்டங்களைக் கற்பிப்பவர் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. ஒரு நாட்டுக்கே சட்டம் எழுதியவருக்கு அப்பெயர் முற்றிலும் பொருந்தும்.

சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்ற ஏ. வரதராஜன், 1973இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி, 1980 திசம்பரில் உச்சநீதிமன்றத்தில் அமர்ந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து அங்கு அமர்ந்த முதல் நீதிபதி அவரே. 2007இல் கே.ஜி. பாலகிருஷ்ணனும், 2025இல் பி.ஆர். கவாயும் இந்தியத் தலைமை நீதிபதிகள் ஆயினர். இவ்வரிசை நீண்டதன்று. அதை நீட்டுவது இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளைஞர்களின் கடமை.

அழைக்கப்பட்டவர்

நம் ஊர் மக்கள் நீதிமன்றத்தில் வழங்கும் சொற்கள் பலவும் அரபு மொழியிலிருந்து வந்தவை. வக்கீல் என்றால் ஒருவர்க்காகப் பேசும் பிரதிநிதி. முன்சீப் என்றால் நடுநிலை வழங்குபவர். அமீனா என்பது நம்பிக்கைக்குரியவர் என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஜப்திக்கு வரும் அமீனாவைக் கண்டு அஞ்சிய நம் மக்கள், இப்பொருளைக் கேட்டால் வியப்புறுவர்.

ஆங்கிலேயர் காலத்தில் பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல், பிளீடர் என்று வழக்குரைப்போரிடையேயும் பல படிநிலைகள் இருந்தன. அத்தொழிலிலும் ஒருவகை வருணம் நிலவியது என்னலாம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் அவற்றை அகற்றி, 'அட்வகேட்' என்ற ஒரே பெயரை நிலைநாட்டியது. அதுவும் இலத்தீன் சொல்லே. 'அத்வொகாத்துஸ்' என்றால் துணைக்கு அழைக்கப்பட்டவர் என்று பொருள். இடர்ப்பட்டவன் கூவி அழைக்க, அவன் அருகே வந்து நிற்பவரே அட்வகேட். நம் பாட்டனார் அழைத்திருப்பின் வந்து நிற்க ஒருவர் இல்லாத காலம் அது. இன்று அழைப்பவரும் நம்மவர், அழைக்கப்படுபவரும் நம்மவர்.

இன்று திறந்திருக்கும் வழிகள்

பெற்றோரும் மாணவரும் அறிந்துகொள்ளத்தக்க சில செய்திகளைக் கூறி முடிக்கிறோம். சென்னைச் சட்டக் கல்லூரி 1990 முதல் அண்ணல் அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பெயரிலான தமிழ்நாட்டுச் சட்டப் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கப்பட்டது. 2019இல் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் தோன்றின. சட்டம் பயிலச் சென்னைக்குப் புகைவண்டி ஏறவேண்டிய நிலை இன்று இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் ஐந்தாண்டுப் படிப்பிலும், பட்டம் பெற்றோர் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம்.

படித்து முடித்தபின் வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பெருந்தொகை கேட்கப்படுவது நம் இளைஞர்க்குத் தடையாக இருந்துவந்தது. 2024 ஜூலை 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு அத்தடையை நீக்கியது. சட்டம் குறித்துள்ளபடி பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கு 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்று அத்தீர்ப்பு கூறுகிறது. மேலும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. சேலம், நாமக்கல் மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் அதற்குரிய அலுவலகங்களை அணுகலாம். இதனை வாய்மொழியாகவேனும் நம் தெருக்களில் பரப்புக.

நமது சட்டப் பட்டதாரிகளிடம் ஒன்று கேட்கிறோம். பெயர்ப்பலகையில் எழுத்துகளைப் பிழையின்றி எழுதுக. அதன் பின், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உங்கள் தெருவில் அமருங்கள். பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கும் பழைய பட்டாக்களையும் பத்திரங்களையும் கொண்டுவருமாறு முதியோரிடம் கூறுங்கள். அவற்றைப் படித்து, பொருளை எடுத்துச் சொல்லுங்கள். எங்கேனும் ஒரு தாளில் 'டி.சி.' என்ற இரண்டு எழுத்துகள் காணப்பட்டால், அந்தத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள்.

பெயர்ப் பட்டியலின் மெய்ப்பைத் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டோம். சான்றிதழில் உள்ளபடியே ஒவ்வொருவருக்கும் பி.எல். அல்லது எல்எல்.பி. என்று திருத்தியுள்ளோம். இரண்டையும் எழுதியிருந்த தம்பியின் பெயருக்குப் பின்னே ஒன்றை மட்டும் விட்டு வைத்தோம். அவர் வருந்த மாட்டார் என்று நம்புகிறோம். எல் இரண்டாக இருப்பதன் காரணத்தை இனி அவரே பிறருக்குக் கற்பிப்பார்.